கோதண்டபாணி கட்டிய கயிறு

விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனியில் பேக்கிங் மேஸ்திரி கோதண்டபாணி ஒரு பெட்டியைக் கட்டினால், அதை மாடியிலிருந்து உருட்டினாலும் உள்ளே ஒரு கப் அசையாது என்பார்கள். அப்படிச் சொன்னவர்களில் முதல் ஆள் கோதண்டபாணிதான். வைக்கோல் குறைந்து பெட்டிக்குள் கிணுங் என்று சத்தம் வந்தால் போதும், பேக்கிங் ஷெட்டில் வேலை செய்யும் கண்ணம்மாளையும் பாஞ்சாலையையும் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வார். அப்படியும் வெளியூர் போகிற சரக்கு நொறுங்கிக்கொண்டுதான் இருந்தது. பழியை லாரிக்காரர்கள் தலையில் போட்டுப் பார்த்தார், செல்லவில்லை. கடைசியில் 1971-இல், உடையாமல் அனுப்புகிற வித்தையைக் கற்றுக்கொண்டு வா என்று கம்பெனி அவரை மூன்று மாதம் இங்கிலாந்துக்கு அனுப்பியது. வழியனுப்ப ஜங்ஷனுக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். வெறுங்கையோடு திரும்பினால் இத்தனை பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் அப்போதே அவரைப் பிடித்துக்கொண்டது.

அங்கே பீங்கான் ஊரில் கப்புகள் படகில் போயின. வாய்க்காலில் ரோட்டைப் போல மேடு பள்ளம் இல்லை, குலுங்காது. ஏழடி அகலத்தில் ரயில் பெட்டி மாதிரி நீண்ட படகு அது. ஒருநாள் முழுக்க அதில் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். படகுக்காரர் வால்ட்டர் அதிகம் பேசாத மனிதர்.

வழியில் ஐந்து இடங்களில் வாய்க்கால் படி இறங்கியது. ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னும் கதவு வைத்த ஆழமான கல் தொட்டி. படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை மூடிவிட்டு, முன்கதவு மதகைத் திறந்தால் தண்ணீர் வடியும், படகும் கூடவே கீழே இறங்கும். மதகு வால்ட்டர் பொறுப்பு. கரையிலிருந்த இரும்புத் தூணைச் சுற்றி வந்த கயிற்றின் முனை படகில் கோதண்டபாணி கையில். தண்ணீர் இறங்க இறங்கக் கயிற்றை விட்டுக்கொண்டே இரு, தலை போனாலும் கட்டிவிடாதே என்று வால்ட்டர் காலையிலேயே இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

நான்கு தொட்டிகள் தாண்டியாயிற்று. ஐந்தாவதில் மதகு திறந்த நேரம், சரக்கறைக்குள் கிணுங் என்று ஒரு பெட்டி. வேறு யாராயிருந்தாலும் சும்மா இருந்திருப்பார்கள். கோதண்டபாணிக்குக் கை பரபரத்தது. அரை நிமிட வேலைதானே என்று கயிற்றைப் படகு வளையத்தில் இறுக்கி, பெட்டிக்குப் போடுகிற இரட்டை முடிச்சைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். பதறாத காரியம் சிதறாது என்று ஷெட்டில் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற மனிதர்.

அந்தப் பெட்டியில் வைக்கோலைத் திணித்து நிமிர்வதற்குள் தண்ணீர் இறங்கியது. படகு இறங்கவில்லை. ஒரு பக்கம் கயிற்றில் தொங்கிக்கொண்டு சாய ஆரம்பித்தது. பெட்டிகள் நகர்ந்தன. கோதண்டபாணி முதுகைக் கொடுத்து அடுக்கைத் தாங்கினார். மேலே வால்ட்டர் கயிறு கயிறு என்று கத்துவது காதில் விழாமலில்லை. நாலு எட்டு வைத்தால் முடிச்சை எட்டிவிடலாம். ஆனால் அவர் நகர்ந்தால் அடுக்கு மொத்தமும் சரியும். ஜங்ஷனில் நின்ற நாற்பது முகங்களும் கண்ணுக்கு முன்னால் வந்தன. அவர் நகரவில்லை.

கதவருகே ஓடி மதகை மூட வால்ட்டருக்கு நேரமில்லை. அதற்குள் படகு கவிழ்ந்து, உள்ளே இருப்பவன் மூழ்கிவிடுவான். தூணிலிருந்த கயிற்றையே வெறுங்கையால் நெம்பினார். கயிறு அவர் விரல்களைத் தூணோடு நசுக்கிக்கொண்டு விடுபட்டது. படகு தடாலென்று தண்ணீரில் விழுந்து, இரண்டு தடவை ஆடி நின்றது.

கோதண்டபாணி பெட்டிகளைத் தட்டிப் பார்த்தார். ஒன்றுகூடக் கிணுங்கவில்லை. சிரித்த முகத்தோடு வெளியே தலையை நீட்டி, ஒரு கப் உடையவில்லை என்று மேலே பார்த்துச் சொன்னார். வால்ட்டர் கரையில் உட்கார்ந்து, ரத்தம் சொட்டும் கையைக் கோட்டில் சுற்றிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. உனக்கு அடி பட்டதா என்று அவர் கேட்டார்.  கோதண்டபாணிக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது.

ஊர் திரும்பிய மறுநாள் மானேஜர் ஷெட்டில் எல்லோரையும் கூட்டிவைத்து, இங்கிலாந்திலிருந்து வந்த கடிதத்தைப் படித்தார். படகு சாய்ந்தபோதும் உயிரைக் கொடுத்துச் சரக்கைக் காப்பாற்றியவர், ஒரு கப்கூட உடையவில்லை என்று எழுதியிருந்தார்கள். கண்ணம்மாள்தான் முதலில் கை தட்டினாள். ஷெட்டே தட்டியது. மானேஜர் மாலையை எடுத்தார்.

கோதண்டபாணி பின்னுக்கு நகர்ந்தார்.

"மால வேணாங்க. அங்க ஒரு மனுசனுக்கு ஆஸ்பத்திரியில ரெண்டு வெரல எடுத்துட்டாங்க. என்னாலதான்."