எம் 45-இல் ஒரு சின்ன அவசரம்

கிளைவ் டிரான்டர் முப்பத்தோரு வருடம் எம் 45 மோட்டார்வேயில் கூம்பு வைத்தான். சாலை வேலை நடக்கும்போது வண்டிகளை ஒதுக்கிவிட வைப்பார்களே, அந்த ஆரஞ்சுக் கூம்பு. காலையில் வைப்பான், சாயங்காலம் எடுப்பான், மறுநாள் மறுபடி வைப்பான். அதில் பத்தொன்பது வருடம் லாரியின் பின்னால் நின்று அவனுக்குக் கூம்பு எடுத்துக் கொடுத்தவன் நான்.

எங்கள் சாலையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். வருத்தப்பட வேண்டாம், அதில் தினமும் போகிறவர்களே கேள்விப்பட்டதில்லை. மொத்தம் எட்டு மைல். எம் 1 என்ற பெரிய நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து டன்சர்ச் பக்கம் ஒரு ரவுண்டானாவில் போய் முடிந்துவிடும். இரண்டையும் ஒரே நாளில்தான் திறந்தார்கள். ஆனால் பிறந்தநாள் வந்தால் பெரியவனைத்தான் போட்டோ எடுப்பார்கள். எட்டு மைலுக்கும் ஒரு டீக்கடை கிடையாது, ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது. மத்தியான வேளையில் காட்டுக்கோழிகள் ஜோடியாக நடந்தே சாலையைக் கடக்கும். இரண்டு பக்கமும் பார்க்கும் வழக்கம்கூட அவற்றுக்கு இல்லை.

பப்பில் யாராவது வெளியூர்க்காரன் கிளைவிடம் பேச்சுக் கொடுப்பான்.

"எங்க வேலை பார்க்குறீங்க?"

"எம் 45-ல."

"அது எங்க இருக்கு?"

"இப்ப வந்தியே, அதுல."

நாங்கள் சிரிப்போம். கிளைவ் சிரிக்க மாட்டான், அவனுக்கு அது நிஜமாகவே வலித்தது. அவன் மனைவி மொரீன் மட்டும் விடுவாளா? "எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு பொண்டாட்டி. ஒருத்தி எட்டு மைல் நீளம். அவளை இவரைத் தவிர எவனும் திரும்பிப் பார்க்கல, அதனால நானும் கண்டுக்கல" என்பாள். அதற்கு மட்டும் சிரிப்பான்.

கிளைவுக்குக் கோயில் கிடையாது, கட்சி கிடையாது. வரிசை ஒன்றுதான் அவனுக்குத் தெய்வம். இதில் எங்கள் ஊரே அவன் மாதிரிதான். ஒரு மைல் தள்ளி வலது தடம் அடைத்திருக்கிறது என்று பலகை வைத்தால் போதும், எங்கள் ஜனங்கள் அந்த இடத்திலேயே இடது தடத்துக்கு மாறி ஒருவர் பின்னால் ஒருவராக நின்றுவிடுவார்கள். பக்கத்தில் ஒரு மைல் சாலை காலியாகக் கிடக்கும், ஒருவனும் நுழைய மாட்டான். நுழைகிறவன் திருடன். இங்கே நீங்கள் வருமான வரிக்காரனை ஏமாற்றலாம், கட்டிய பெண்டாட்டியைக்கூட ஏமாற்றலாம், நாலு பேர் உங்களுக்காகப் பரிந்து பேசுவார்கள். காலித் தடத்தில் முந்திப் போனால் பேச ஒருவன் வரமாட்டான். சில லாரிக்காரர்கள் வரிசையிலிருந்து பாதி வெளியே வந்து, இரண்டு தடத்தையும் அடைத்துக்கொண்டு ஊர்வார்கள், எவனும் முந்தக் கூடாதென்று. அப்படிப்பட்டவனைக் கண்டால் கிளைவ் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான். நானும் காட்டுவேன்.

உண்மையில் விதி வேறு. இரண்டு தடத்திலும் வந்து, தடம் முடியும் முனையில் பக்கத்துக்கு ஒருவராக மாறி மாறிச் சேர வேண்டும். அதற்கென்று ஒரு பலகையே உண்டு. எங்கள் லாரியில் அந்தப் பலகை மேல் உட்கார்ந்துதான் கிளைவ் டீ குடிப்பான். "நம்ம ஜனங்களுக்கு ஒழுங்கு தெரியும்டா நைஜல். இதை வெச்சா அவங்களை அவமானப்படுத்துற மாதிரி" என்பான். அவன் ஓய்வு பெற்ற பிறகு நானும் வைக்கவில்லை.

ஓய்வு பெற்று இரண்டாம் வருடம் மொரீனுக்கு நுரையீரல் கெட்டுப்போய்க் கோவென்ட்ரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதினோரு நாள் கிளைவ் கட்டிலை விட்டு நகரவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் அவளே துரத்திவிட்டாள். "பதினோரு நாளா அதே சட்டை. உன் நாத்தம் தாங்காமத்தான் நான் போய்ச் சேரப் போறேன். போ, குளிச்சிட்டு வா."

ஃப்ளோர் கிராமத்து வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போடும்போது நர்ஸ் கூப்பிட்டாள். உடனே வரச் சொன்னாள், அந்த 'உடனே'யை இரண்டு தடவை சொன்னாள். அரை மணி நேரப் பயணம். எம் 45 எந்தக் காலத்தில் அடைத்துக்கொண்டது? வழியைப் பற்றிக் கிளைவ் கவலைப்படாமல்தான் கிளம்பியிருப்பான்.

அன்றைக்குப் பார்த்து எம் 6-இல் ஒரு டேங்கர் கவிழ்ந்தது. அங்கே போக வேண்டிய கூட்டத்தையெல்லாம் எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்து நடுத் தடுப்பைப் பழுது பார்க்க நாங்கள் வலது தடத்தில் கூம்பு வைத்திருந்தோம். வைத்தவன் நான். பலகையை வைக்காதவனும் நான்.

கிளைவ் அந்த வரிசையில் இருபத்தைந்து நிமிடம் நின்றான். வலப்பக்கம் சாலை வெறிச்சென்று கிடக்க, மனைவி அங்கே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்க, இருபத்தைந்து நிமிடம். அதற்கு மேல் முடியாமல்தான் வண்டியை வெளியே எடுத்தான். ஐம்பது கஜம் போயிருக்க மாட்டான், முன்னால் இருந்த ஒரு லாரி மெல்ல நகர்ந்து வழியை மறித்துக்கொண்டது.

நான் முனையில் நின்று இதைப் பார்த்தேன். லாரிக்குப் பின்னால் ஏதோ ஒரு நீல நிறச் சின்னக் கார். ஓட்டுகிறவர் இறங்கிப் போய் லாரி ஜன்னலுக்குக் கீழே நின்று ஏதோ கேட்டார், தலையை ஆட்டினார், திரும்பி வந்து காரில் ஏறிக்கொண்டார். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியவில்லை. "பாருடா, தொரைக்கு வரிசை ஆகாதாம்" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன். லாரி என்னைக் கடந்தபோது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். லாரிக்காரன் குஷியாக ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

அடுத்து நீலக் கார். விரலை இன்னும் நான் இறக்கவில்லை. உள்ளே கிளைவ். என்னைப் பார்த்தான், பிறகு நேரே சாலையைப் பார்த்தான்.

மொரீன் போய் அரை மணி நேரம் கழித்துத்தான் அவன் போய்ச் சேர்ந்தான். "கிளைவ் வந்தாச்சா?" என்று இரண்டு தரம் கேட்டாளாம். நர்ஸ் இதை அவனிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அடக்கம் முடிந்து ஊர்க் கூடத்தில் டீயும் சாண்ட்விச்சும் கொடுத்தார்கள். ஒரு வாரமாக ஒழுங்காகத் தூங்காமல் நான் அவன் முன்னால் போய் நின்றேன்.

"மன்னிச்சிடுடா கிளைவ்."

"எதுக்கு? நானா இருந்தாலும் வெரலைத் தூக்கியிருப்பேன்."

அவன் என்னைத் தேற்றுவதற்காக அதைச் சொல்லவில்லை. அது உண்மை, அதனால் சொன்னான்.

"லாரிக்காரன்கிட்ட என்னதான் கேட்டே?"

"ஒரு சின்ன அவசரம், கொஞ்சம் வழி விட முடியுமான்னு கேட்டேன். எல்லாருக்கும் சின்ன அவசரம்தான் பெரியவரேன்னான். நியாயந்தானே."

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது. அவன் மேலா, என் மேலா, எங்கள் எல்லார் மேலுமா, தெரியவில்லை. "பொண்டாட்டி சாகக் கெடக்குறான்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடா! ஒரே வார்த்தை! லாரியைப் பள்ளத்துல எறக்கியாவது வழி விட்டிருப்பானே!"

கூடத்தில் எல்லோரும் தங்கள் தட்டைப் பார்த்தார்கள். கிளைவின் முகம் சிவந்துவிட்டது. நான் சத்தம் போட்டதில் அவனுக்குத்தான் கூச்சம். கோப்பையைச் சத்தமில்லாமல் தட்டில் வைத்தான்.

"முன்னப் பின்னத் தெரியாத ஆளு, நைஜல்" என்றான் தணிந்த குரலில். "அவன்கிட்டப் போயி அதையெல்லாம் எப்படிச் சொல்றது?"