பெண் உள்ளே வரும்போது வாசித்த பாட்டு

எனக்குக் கால் ஆடும். உட்கார்ந்தால் வலது முழங்கால் தன்பாட்டில் துடிக்கும். ஓகன் என்கிற கீபோர்டை வாசிக்கும்போது மட்டும் சும்மா கிடக்கும். அந்த வாரம் ஓகன் வாசிக்கும்போதும் ஆடியது.

காரணம் அக்கா. மாம்புரியில் இருந்த அக்கா எனக்கு ஒரு பெண் பார்த்து, படத்தையும் அனுப்பி, ஞாயிறு பூசை முடிய வந்து முடிவு கேட்பதாகச் சொல்லியிருந்தாள். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. முடி போய், வயிறு வந்திருந்தது. இதற்கும் ஒரு பெண் சம்மதித்தாள் என்றால், அவளுக்கு யாரும் என் படத்தைக் காட்டவில்லை என்றே நினைத்தேன்.

சிக்கல் அது இல்லை. எங்கள் இசைக்குழுவில் டிரம் அடிப்பவனும் நானும் ஒன்பது வருடமாக ஒரே வீட்டில் இருந்தோம். இருவரும் சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து வந்தவர்கள். ஊர் எங்களை இரண்டு பேச்சிலர் என்றது. நாங்கள் ஒருவருக்கொருவர் என்ன என்பது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரியும். அவனிடம் படத்தைக் காட்டினேன்.

"நல்ல பிள்ளை போலக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போனான். கழுவிய மீனையே மூன்று தரம் கழுவினான்.

வெள்ளிக்கிழமை கற்பிட்டிப் பக்கம் ஒரு ஹோட்டலில் கல்யாண விருந்து. சண்டை முடிந்த பிறகு காற்றில் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர்களுக்காக முளைத்த ஹோட்டல்களில் ஒன்று. மணமக்கள் மண்டபத்துக்குள் வரும்போது வாசிக்க எங்களிடம் ஒரு மெட்டு இருந்தது. மதுரங்குளியில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கிய, உறை இல்லாத ஆங்கிலக் கசெட்டில் கேட்டுப் பிடித்தது. மூன்றாம் வகுப்பில் இரண்டு வருடம் தங்கிப் படித்தவன் நான். சொல் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பெண் நடந்து வருவதற்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. எங்கள் கரையில் அந்த மெட்டு இல்லாமல் பெண் வாசல்படி தாண்டமாட்டாள்.

அன்றும் வாசித்தோம். வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு வயதான வெள்ளைக்காரர் கோப்பையோடு எழுந்து வந்து, ஓகனுக்குப் பக்கத்தில் நின்று சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். என் வாசிப்புக்குச் சிலர் அழுவதுண்டு, இப்படி யாரும் சிரித்ததில்லை.

டிரம் அடிப்பவன் பகலில் டொல்பின் பார்க்கும் படகில் ஆட்களைக் கூட்டிப் போகிறவன். இங்கிலீஷ் தெரியும். கதைத்துவிட்டு என்னிடம் குனிந்தான்.

"டேய், இது இவரின்ர பாட்டாம்."

"விசர்க் கதை கதையாத."

வெள்ளைக்காரர் மெல்ல இரண்டு வரி பாடினார். கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. ஆனால் கசெட்டில் இருந்த அதே குரல்.

"என்ன பாட்டெண்டு கேள்."

கேட்டான். "இவரை விட்டிட்டுப் போன ஆளைப் பற்றினதாம். பெட்டியோட வாசல்ல நிக்கிற ஆள்."

"மனிசியோ?"

"இல்லை. ஆம்பிளை." பிறகு தூரத்தில் மூக்குச் சிவந்து வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்த இன்னொரு கிழவரைக் கண்ணால் காட்டினான். "அவர்தான் இப்ப இவர் கலியாணம் கட்டின ஆள். ஒளிப்பு மறைப்பு இல்லையாம். அந்தக் காலத்திலயே பேப்பரில சொன்னவராம்."

பெட்டி தூக்கிக்கொண்டு போகிற பாட்டுக்கு எத்தனை பெண்களை உள்ளே கூட்டி வந்துவிட்டேன் என்று யோசித்தேன். அவர்களில் சிலருக்கு ஐந்து பிள்ளைகள். அந்தச் சாபம் தமிழில் வேலை செய்யவில்லை போல.

மறுநாள் காலை அவர் எங்களைத் தேநீருக்குக் கூப்பிட்டார். போத்தலில் வாய் வைத்து ஊதுவதுபோல அந்தப் பாட்டில் ஒரு சத்தம் வரும், அதை எப்படி எடுத்தீர்கள் என்று முதலில் இவனைக் கொண்டு கேட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, மெசினின் பொத்தான்கள் மேசையில் இருப்பதுபோலத் தட்டித் தட்டிக் காட்டினார். பேப்பரில் சொன்ன நாளிலிருந்து யாரோடு இருக்கிறாய் என்பதைத்தான் எல்லாரும் கேட்டார்களாம். சத்தத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையாம்.

என் முழங்கால் மேசையை ஆட்டியது.

"கேள்," என்றேன் இவனிடம், "சொன்னாப் பிறகு என்ன நடந்ததெண்டு."

அவன் என்னைப் பார்த்தான். "அதை நீயே கேள்."

"என்ர இங்கிலீசில கேட்டா மனுசன் எனக்கு இன்னொரு பாண் துண்டுதான் தருவார். கேளடா."

கேட்டான். அவர் நிறைய நேரம் கதைத்தார். இவன் கடலைப் பார்த்தபடி எனக்குச் சொன்னான். ரேடியோவில் கொஞ்சக் காலம் போடவில்லையாம். பிறகு அந்த மாதிரி மெசின் பாட்டே பழசாகிவிட்டதாம். சவர்க்கார விளம்பரத்துக்கு மெட்டுப் போட்டிருக்கிறார், நாடகத்துக்குப் போட்டிருக்கிறார், வேறு பாடகர்களுக்குப் பின்னால் நின்று வாசித்திருக்கிறார். இப்போது கோடை காலத்தில் திறந்த வெளிகளில் நாலு பழைய பாட்டுப் பாடுகிறார். கேட்க வருகிறவர்கள் பேரப்பிள்ளைகளோடு வருகிறார்களாம்.

"தாய் ரெண்டு வருசம் கதைக்கேல்லையாம்."

"பிறகு?"

"பிறகு போன் எடுத்தவவாம். இதைப் பற்றிக் கதைக்க இல்லை. அங்க மழையோ எண்டு கேக்க."

"கவலையோ எண்டு கேள்."

"பாட்டுப் போனதுக்குக் கவலையாம்." என் பக்கம் திரும்பினான். "சொன்னதுக்கு இல்லையாம்."

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். கதிரையில் இருந்தவுடன் நான் என் வழக்கப்படி ஆரம்பித்தேன். "அக்கா, அந்தப் பிள்ளைக்குக் கண்ணில ஏதும் பிழையோ?"

"பகிடி விடாத. ஓமோ, இல்லையோ?"

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"இல்லை அக்கா. எனக்கு ஆள் இருக்கு."

"ஆர்?"

குசினிப் பக்கம் தலையைத் திருப்பினேன். அக்கா அங்கே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். காத்திருந்தாள். வாழ்நாள் முழுக்க நான் ஒன்றைச் சொல்லி, கொஞ்சம் பொறுத்துச் சிரிக்கிறவன்.

"சிரியன்டா," என்றாள். "பகிடிதானே. சிரி."

என்னால் முடியவில்லை. அவள் தேநீரைத் தொடாமல் குடையை எடுத்துக்கொண்டு போனாள். கேற்றடியில் நின்று திரும்பி வந்து, "அந்தப் பிள்ளையின்ர படத்தைத் தா" என்று வாங்கிக்கொண்டு போனாள்.

காற்று மாறி, வெள்ளைக்காரர்கள் பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். அக்கா போன் எடுக்கவில்லை. நான் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் போனை எடுத்துப் பார்த்து, வைத்தேன். வீட்டுக்குள் நடந்து நடந்து சீமெந்து தேய்ந்துவிடும் என்று இவன் ஏசினான். மாதங்கள் கழித்து ஒரு காலையில் அடித்தது.

"என்ர மூத்தவளுக்குக் கலியாணம் முற்றாகியிருக்கு," என்றாள், நேற்றுத்தான் கதைத்ததுபோல. "பொம்பிளை வரேக்க வாசிக்கிற அந்த மெட்டு வேணுமெண்டு நிக்கிறாள்."

"அக்கா, அது கலியாணத்துக்குச் சரிவராது. பிரிஞ்சு போறதைப் பற்றின பாட்டு."

"அது ஆருக்குத் தெரியும்?"

"எனக்கும் அவனுக்கும் தெரியும்."

போனை வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"அப்ப ரெண்டு பேரும் வந்து, வாயை மூடிக்கொண்டு வாசியுங்கோ." இப்போதுதான் வைத்தாள்.

இதை எழுதும்போது எழுத்துப் பிழை திருத்த அவன் பக்கத்தில் இருக்கிறான். அக்கா சொன்னது ஓமா, இல்லையா என்று அன்று அவனிடம்தான் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்," என்று டிரம்மைத் துடைக்க எழுந்தான். "ரெண்டு பேரெண்டு சொன்னவ. முதல்ல காலை ஆட்டுறதை நிப்பாட்டு."

நிற்கவில்லை.