மாட்டும்போது பேசக்கூடாது

லவோன் ப்ரூக்கருக்கு மறதி என்பதே கிடையாது. அவள் சுட்ட சோள ரொட்டியை ஒருத்தி சர்ச் விருந்தில் 'செங்கல்' என்று சொல்லிவிட்டாள். அதன்பிறகு எந்த விருந்திலும் லவோன் அவளுக்கு ஒரு துண்டு வைத்ததில்லை. தட்டோடு வந்து நின்றாலும், "வேணாம்மா, உனக்குப் பல்லு போயிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவாள். அந்த அம்மாள் செத்துப்போனபோது அடக்கத்துக்கு லவோன் ஒரு தட்டு நிறையச் சோள ரொட்டி கொண்டுவந்தாள். "இனிமே பல்லு போனா என்ன?" என்று என் காதில் சொன்னாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டைக்குள் இருமினேன்.

வயோமிங்கில் டன்மோர் ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில், வண்டியில் மாட்டி இழுத்துவரும் சக்கர வீடுகள் நிற்கும் டிரெய்லர் முகாம் நடத்துகிறேன். என் பெயர் மார்லிஸ். லவோனும் அவள் புருஷன் எல்டனும் வீட்டை விற்றுவிட்டு டிரெய்லரில் குடியிருப்பவர்கள். குளிர்காலத்தில் தெற்கே அரிசோனா, கோடையில் என் முகாமின் ஆற்றோர இடம். அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். அவள் பஸ்ஸில் போன பிள்ளைகள் இன்றைக்குத் தலை நரைத்தவர்கள். அவளைக் கண்டால் இப்போதும் முதுகை நிமிர்த்தி உட்காருகிறார்கள். எல்டன் பண்ணைகளில் காற்றாலை பழுது பார்த்தவன். அதிர்ந்து பேசாதவன், எவன் எது சொன்னாலும் நம்புகிறவன்.

அந்த நம்பிக்கையோடுதான் அவன் ராய்ஸ் கிம்ப்ரலிடம் பிக்கப் வாங்கப் போனான்.

ராய்ஸ் எங்கள் ஊரில் பழைய பிக்கப் வண்டிகள் விற்கிறவன். சிரித்துக்கொண்டே பேசுவான், தோளில் கை போடுவான், பையன்களின் பேஸ்பால் குழுவுக்குச் சட்டை வாங்கித் தருவான். எல்டனோடு ஒரே வகுப்பில் படித்தவன் வேறு. "என் டிரெய்லரை இது இழுக்குமா?" என்று எல்டன் கேட்டான். "இழுக்குமாவா? உன் வீட்டையே அஸ்திவாரத்தோட இழுக்கும்யா" என்றான் ராய்ஸ்.

எங்கள் ஊர் ஆண்களுக்கு இது ஒரு பீடை. வண்டி வாங்கும்போது எவ்வளவு இழுக்கும் என்று கேட்பார்கள். எவ்வளவு சுமக்கும் என்று ஒருத்தனும் கேட்கமாட்டான். சாதாரண டிரெய்லர் வண்டிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு வரும். எல்டனுடையது அந்த ரகமில்லை. அதன் முகப்புக்கு அடியில் தடித்த இரும்பு முளை ஒன்று இருக்கும். பிக்கப்பின் பின்தொட்டியில் பொருத்திய வட்டமான பூட்டுத் தட்டில் அதை இறக்கி மாட்டவேண்டும். அது சுற்றாவிட்டாலும் அந்தத் தட்டுக்கு ஐந்தாம் சக்கரம் என்றுதான் பெயர். டிரெய்லரின் கனத்தில் ஒரு பெரிய பங்கு வண்டியின் முதுகில் ஏறி உட்கார்ந்துவிடும். அந்த முதுகு எவ்வளவு தாங்கும் என்பது டிரைவர் கதவின் உள்விளிம்பில் சின்னதாக ஒட்டியிருக்கும். குனிந்து படித்தால் ஆம்பளைத்தனம் குறைந்துபோகும் என்று நினைக்கிறார்களோ என்னவோ. ராய்ஸுக்கு அது மனப்பாடம். எல்டன் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

க்ரோலி கணவாயின் இறக்கத்தில் அந்த வண்டியின் பின் டயர் வெடித்தது. டிரெய்லர் பின்னாலிருந்து தள்ள, இரண்டும் சேர்ந்து பள்ளத்தில் சரிந்தன. எல்டனுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. லவோன் கையில் கட்டோடு ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்த அதே வாரம், ராய்ஸ் காப்பிக் கடையில் உட்கார்ந்து சொன்னான்: "வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல. எல்டனுக்கு இறக்கத்துல பிரேக் போடத் தெரியல. பஸ் ஓட்டின பொம்பளைகிட்ட ஸ்டியரிங்கக் குடுத்திருக்கணும்." கடை முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து எல்டனுக்கு ஊரில் 'பள்ளத்து எல்டன்' என்று பெயர்.

இடுப்பெலும்பு கூடிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் அவன் ஸ்டியரிங்கைத் தொடவேயில்லை. காப்பீட்டில் அதே அளவில் வேறு டிரெய்லர் வந்தது. அதைக் கொண்டுவந்து என் முகாமில் நிறுத்தினார்கள், அது அங்கேயே நின்றது. இரண்டு குளிர்காலம் அரிசோனா போகவில்லை. எல்டன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஆற்றைப் பார்ப்பான். யாராவது வந்தால், "தப்பு என்மேலதான் போல" என்பான். அதைக் கேட்கும்போதெல்லாம் லவோனின் தாடை இறுகும்.

"இவரு வாய்லேர்ந்தே அது வருது பாரு மார்லிஸ்" என்று ஒருநாள் என் துணி துவைக்கும் அறையில் சொன்னாள். "இடுப்ப ஒடைச்சதக்கூட மன்னிச்சிடுவேன். இத மன்னிக்க மாட்டேன். அந்த ராய்ஸ் வாய்லேர்ந்தே உண்மைய வரவைக்கிறேன். நாலு பேரு முன்னாடி."

"எப்படி?"

"வண்டி வாங்கப் போறேன்" என்றாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க வண்டி பார்த்தாள். நானும் கூடப் போனேன். விற்கிறவர்கள் தோல் இருக்கையைக் காட்டுவார்கள், டிவி போன்ற திரையைக் காட்டுவார்கள். அவள் டிரைவர் கதவைத் திறந்து, பனிச்சேற்றில் முழங்கால் போட்டு, அந்தச் சின்ன எழுத்தைப் படித்துவிட்டு எழுந்து, "சரிப்படாது" என்று நடப்பாள். கடைசியில் பக்கத்து மாவட்டத்தில் ஒரு பண்ணைக்காரனின் விதவையிடம் கிடைத்தது. மாட்டுச் சாண நிறம், பின்னால் பக்கத்துக்கு இரட்டைச் சக்கரம், தொட்டியெல்லாம் வைக்கோல் கயிறு. அழகு என்று சொல்ல எதுவுமில்லை. லவோன் கதவோரம் படித்தாள், அடியில் படுத்து ஸ்பிரிங் பார்த்தாள், எழுந்து அதன் மூக்கில் தட்டிக்கொடுத்தாள். அதை என் கொட்டகையில் மறைத்து வைத்தோம். எல்டனிடம்கூடச் சொல்லவில்லை.

பிறகுதான் ராய்ஸிடம் போனாள்.

"பழசெல்லாம் போகட்டும் ராய்ஸ். எனக்கு ஒரு வண்டி வேணும்" என்றாள். இவ்வளவு இனிப்பாக அவள் பேசி நான் கேட்டதேயில்லை.

ராய்ஸுக்கு வாய் காதுவரை போயிற்று. "இத முன்னாடியே செஞ்சிருக்கணும் லவோன்! மனசுல வச்சுக்கிட்டே இருந்தா உடம்புக்கு ஆகாது" என்று ஒரு சிவப்பு வண்டியிடம் கூட்டிப்போனான். பளபளப்பு கண்ணைப் பறித்தது. பின்னால் ஒற்றைச் சக்கரம்தான்.

"என் டிரெய்லர இது இழுக்குமா?"

"வீட்டையே இழுக்கும் தாயே!"

அதே வார்த்தை. ஆள் மாறினாலும் பாட்டை மாற்றவேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. அங்கேயே அவனை ஒரு அறை விட எனக்குக் கை துடித்தது. லவோன் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குக் கொஞ்சம் பயம் ராய்ஸ். நீயே ஓட்டிக் காட்டு. க்ரோலி ஏறி அந்தப் பக்கம் இறக்கிட்டியானா, கீழயே கையெழுத்துப் போட்டுடறேன்."

அவன் சிரிப்பு ஒரு நொடி நின்று மறுபடி வந்தது. வியாபாரம் ஆயிற்றே. காப்பிக் கடையில் போய், "லவோனே என்கிட்ட வந்துட்டா, சனிக்கிழமை வந்து பாருங்கடா" என்று ஊரையே அழைத்ததும் அவன்தான்.

சனிக்கிழமை காலை முகாமில் கூட்டம் சேர்ந்துவிட்டது. லவோன் விடியற்காலையிலேயே டிரெய்லரின் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, விபத்தன்று எல்டன் ஏற்றிப்போன அதே சாமான்களை ஒன்றுவிடாமல் ஏற்றியிருந்தாள். எல்டன் அங்கே இல்லை. கணவாய் உச்சியில், இறங்குமுன் வண்டிகள் நின்று பிரேக் சோதிக்கும் திடலில் காத்திருக்கச் சொல்லி, பக்கத்து டிரெய்லர் வெண்டலோடு அவனை அந்தச் சாண நிற வண்டியில் முன்னாலேயே அனுப்பியிருந்தோம். எதற்கென்று அவன் கேட்கவுமில்லை.

முகாம்களில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருவர் டிரெய்லரை மாட்டும்போது யாரும் பேசக்கூடாது. வணக்கம்கூடச் சொல்லக்கூடாது. கவனம் சிதறினால் பூட்டு விழாமல் போகும், வண்டியை நகர்த்தியதும் டிரெய்லரின் கழுத்து தொட்டியின் மேல் தொப்பென்று விழும். நாய்களைக்கூட உள்ளே கூப்பிட்டுக்கொள்வோம். ராய்ஸோ மாட்டும்போதே கூட்டத்தைப் பார்த்து ஜோக்கடித்துக்கொண்டிருந்தான். பூட்டு விழுந்ததா என்று ஒருதரம் முன்னால் இழுத்துப் பார்ப்பதையும் லவோன்தான் நினைவுபடுத்தவேண்டியிருந்தது.

டிரெய்லரைத் தாங்கி நின்ற முன்கால்களைத் தூக்கியதும் முன்பாரம் முழுக்க வண்டிமேல் இறங்கியது. பின்பக்கம் குந்தியது, மூக்கு வானத்தைப் பார்த்தது. கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள்.

"ஸ்பிரிங்னா உக்காரத்தானே செய்யும்" என்றான் ராய்ஸ். ஆனால் ஜோக் நின்றுவிட்டது.

அவன் பக்கத்தில் லவோன், பின்னிருக்கையில் நான். எங்கள் பின்னால் கூட்டத்தின் கார்கள். ஏற்றத்தில் இன்ஜின் நன்றாகவே இழுத்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் முன்சக்கரம் சரியாகத் தரையில் பதியவில்லை. வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. டிரெய்லர் ஆடும்போதெல்லாம் என் இருக்கையும் ஆடியது. இறக்கத்தில் இறங்க லவோன் விடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். தெரியுமா? அவள் முகத்தைப் பார்த்தபோது அவ்வளவு நிச்சயமில்லை. உள்ளுக்குள் ஜெபம் சொல்ல ஆரம்பித்தேன்.

"மேலயே திரும்பிடலாமே லவோன்? இழுவைதான் பார்த்தாச்சே" என்றான். கழுத்தில் வியர்வை வழிந்தது.

"இறக்கமும் பார்த்துடலாம். எல்டன் பார்த்த இறக்கந்தானே" என்றாள்.

உச்சியில், இறக்கம் தொடங்கும் இடத்தில், அந்தத் திடல் வந்தது. யாரும் சொல்லாமலேயே ராய்ஸ் உள்ளே திருப்பி, நிறுத்தி, இன்ஜினை அணைத்தான். கை ஸ்டியரிங்கை விடவில்லை.

"ஏன் நிறுத்திட்டே?"

"இறங்க முடியாது."

"வீட்டையே இழுக்கும்னியே?"

"இழுக்கும். முதுகு தாங்காது. பின் டயர் இந்தச் சுமைக்கு இல்ல. இறக்கத்துல வெடிச்சா..." அதோடு நிறுத்திக்கொண்டான்.

"வெடிச்சா?"

லவோன் இனிப்பையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டாள். "இது உனக்கு எப்பத் தெரியும் ராய்ஸ்? இன்னிக்கா? எங்களுக்கு வித்த அன்னிக்கா?"

"...தெரியும்."

"என்னிக்குத் தெரியும்?"

"வித்த அன்னிக்கே தெரியும்! போதுமா?"

"எனக்குப் போதும். அதோ நிக்கிறாரு பாரு, அவருக்குச் சொல்லு. உன்னோட சிரிச்சவங்கள்லாம் வந்து இறங்கிட்டாங்க, அவங்களுக்கும் கேக்கணும். இல்லேன்னா வண்டிய எடு, இறங்கலாம். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவன் இறங்கினான். எல்டன் சாண நிற வண்டியில் சாய்ந்து ஊன்றுதடியோடு நின்றிருந்தான். கார்களிலிருந்து இறங்கியவர்கள் சுற்றி நின்றார்கள். ராய்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முனகினான்.

"கேக்கல" என்றாள் லவோன்.

"உன் பிரேக்குல தப்பில்ல எல்டன். அந்த வண்டி உன் டிரெய்லரத் தாங்காதுன்னு தெரிஞ்சேதான் வித்தேன். யாரு ஓட்டியிருந்தாலும் பள்ளத்துலதான் போயிருக்கும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பிறகு எல்டன் பெண்டாட்டியிடம் திரும்பி, "இந்த வண்டி யாருது?" என்றான்.

"நம்மளது. கதவோரம் படிச்சுட்டுத்தான் வாங்கினேன்."

எல்டன் டிரைவர் கதவைத் திறந்து, தடியை ஊன்றிக் குனிந்து, அவனும் படித்தான். பிறகு தடியை உள்ளே எறிந்துவிட்டு ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தான்.

ராய்ஸையே தன் கையால் டிரெய்லரைக் கழற்ற வைத்தாள் லவோன். சிவப்பு வண்டி முன்னால் நகர்ந்தது, எல்டன் தன் வண்டியை மெல்லப் பின்னுக்குக் கொண்டுவந்தான். முளை தட்டில் ஏறியது, பூட்டு விழுந்தது. அப்போதுதான் ராய்ஸ் ஓடிவந்தான். "எல்டன், ஒரு நிமிஷம். நாம ஒண்ணாப் படிச்சவங்க. நான் உன்கிட்ட மன்னி..."

லவோன் உதட்டில் விரலை வைத்தாள். "மாட்டிட்டிருக்காரு. பேசாதே."

சட்டம் சட்டம்தான். அவன் வாயை மூடினான். எல்டன் முன்னால் இழுத்துப் பார்த்தான். இறங்கி, பூட்டைக் குனிந்து பார்த்தான். மின்கம்பியைச் செருகினான். முன்கால்களைத் தூக்கினான், வண்டி அசையாமல் நின்றது. பிறகு தடியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டயராகத் தட்டியபடி சுற்றிவந்தான். இத்தனை பொறுமையாக எவனும் டிரெய்லர் மாட்டி நான் பார்த்ததில்லை. ராய்ஸ் வாயைத் திறந்த போதெல்லாம் காப்பிக் கடைக் கூட்டமே "உஷ்" என்றது.

கடைசியில் லவோன் ஏறிக் கதவைச் சாத்தினாள். கண்ணாடியை இறக்கவில்லை. எல்டன் தாழ்ந்த கியரில் வண்டியை இறக்கத்தில் விட்டான். முதல் வளைவில் பிரேக் விளக்கு எரிந்தது, அணைந்தது, டிரெய்லர் ஆடாமல் திரும்பி மறைந்தது. ராய்ஸ் கையைப் பிசைந்துகொண்டு அங்கேயே நின்றான்.

இந்தக் கோடையில் அவன் முகாமுக்குப் பலதடவை வந்துவிட்டான். ஊரில் இப்போது எவனும் கதவோரம் படிக்காமல் அவனிடம் வண்டி வாங்குவதில்லை. எல்டன் மன்னித்துவிட்டான் என்று ஒரு வார்த்தை கிடைத்தால் போதும் அவனுக்கு. எல்டன் சொல்லியும் விடுவான், அவன் மனசு அப்படி. அதனால் ராய்ஸின் வண்டி வாசலில் திரும்பும்போதே லவோன் எழுந்து, "எல்டன், டிரெய்லர மாட்டுங்க" என்கிறாள். எல்டன் மாட்டுகிறான். ராய்ஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் நிற்கிறான். மாட்டி முடிந்ததும் இருவரும் ஏறிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போய்விட்டு, அவன் போனபிறகு திரும்பி வருகிறார்கள்.