மேரி அக்காவின் எஸ்.எஸ்.டி.

இன்று அரியலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் மேரி அக்கா. வரதராஜன்பேட்டையில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர். போன வருடம் அவருடைய கம்ப்யூட்டருக்கு, வீடியோக்களைச் சேமித்து வைக்கிற எஸ்.எஸ்.டி. டிரைவைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது நான்தான்.

"மொதல்ல பறந்துச்சு தம்பி. இப்ப பாதி ரொம்புனதுக்கே ஒரு வீடியோ காப்பி ஆகுறதுக்குள்ள சோறு வடிச்சிடலாம். நான்தான் ஏதோ தப்பா யூஸ் பண்ணிட்டேன் போல."

அங்கேயே இறங்கிவிடலாம் போலிருந்தது.

"உங்க தப்பு இல்லக்கா. பெரிய ஃபைலா ஏத்துனா அது திணறும்னு எனக்கு அப்பவே தெரியும். விசாரிச்சு நல்லதா சொல்ல சோம்பேறித்தனம்."

அக்கா கோபப்படவில்லை. "உன்னோடது எப்படிப்பா ஓடுது?" என்றார்.

"நல்லா ஓடுதுக்கா. அது வேற மாடல்."

நாளை என்னுடையதைக் கழற்றி அவருக்குக் கொடுக்கப் போகிறேன்.

இப்படித் தனக்கு நல்லதாக ஒன்று, அடுத்தவருக்கு ஏதோ ஒன்று என்று வாங்கிக் கொடுத்தவர்கள் கமெண்ட்டில் ஒப்புக்கொள்ளுங்கள். எனக்குத் துணைக்கு ஆள் வேண்டும்.