பென்சிலில் எழுதிய மதம்

டீச்சர் இறந்து பதினைந்து நாள் கழித்து அவருடைய மகன் கொண்டுவந்து தந்த காகிதக் கட்டில் அந்தப் படிவம் இருந்தது. பதினோராவது கேள்வி, குடும்பத்தின் மதம். பேனாவில் 'இந்து' என்று என் கையெழுத்து. ஓரத்தில் பென்சிலால் எழுதியதை யாரோ ரப்பரால் தேய்த்து அழித்திருந்தார்கள். அந்த இடத்தில் தாள் மெலிந்து போயிருந்தது.

டீச்சர் எங்கள் பொருளாதாரப் பேராசிரியை. கேரள எல்லைப் பக்கம் நெய்யாற்றின்கரையில் பழைய சைவக் குடும்பம், நில புலன் உள்ளவர்கள். வளர்ச்சி என்றால் என்ன என்று எங்களுக்கு அவர் விளக்கம் எழுதிப்போட்டதே இல்லை. "உன் வீட்டுல முதல்ல காலேஜ் கண்டது யாரு? அதுக்காகப் படிப்பை விட்டது யாரு?" என்று ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்பார். முதல் கேள்விக்கு என் பெயரையும் இரண்டாவதற்கு அக்காவின் பெயரையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பாறசாலையைச் சுற்றியுள்ள ஊர்களில் படிப்பு எந்த வீட்டுக்குள் நுழைகிறது, எந்த வீட்டு வாசலோடு திரும்பிவிடுகிறது, அதில் மதத்துக்கு என்ன பங்கு என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. படிப்பு முடிந்ததும் வீடு வீடாகப் போய்க் கேட்டெழுதும் வேலைக்கு என்னையும் இன்னும் சிலரையும் வைத்துக்கொண்டார். வீட்டார் சொன்னதைப் பேனாவில் எழுத வேண்டும், நாங்கள் கண்டதைப் பென்சிலில் எழுத வேண்டும். கண்டதை எழுதாமல் விட்டால் தொலைந்தோம். நான் அழுத்தி எழுதுவேன். "நீ எழுதுறியா உழுறியா மக்கா? நாளைக்கு அழிக்கண்டாமா?" என்று கேலி செய்வார்.

குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கூலிக்காரர் வீடு. மூத்த மகளுக்குப் பட்டியல் சாதி ஒதுக்கீட்டில் நர்சிங் சீட் கிடைத்திருந்தது. நான் படியேறும்போதே அம்மாக்காரி சுவரில் இருந்த படத்தின் மேல் காலண்டரை எடுத்து மாட்டினாள். "இந்துண்ணே எழுது மக்கா. சர்ட்டிபிக்கேட்டுல அப்படியாக்கும் உண்டு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான். கிறிஸ்தவர்களுக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது; காகிதத்தில் அப்படி வந்துவிட்டால் சீட்டு போய்விடும். இப்படி எத்தனையோ வீடுகள் உண்டு, ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. நான் பென்சிலை எடுத்து, 'காலண்டருக்குப் பின்னால் இயேசு படம்' என்று எழுதினேன்.

அந்தக் காலண்டரை அறிக்கையில் சேர்க்காமல் விட்டுவிட டீச்சருக்கு மனம் வரவில்லை. அச்சான அறிக்கையில் பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனால் குளம் இருந்தது, காலண்டர் இருந்தது, நர்சிங் படிக்கும் பெண் இருந்தாள். ஊர்க்காரனுக்கு அது போதாதா? யாரோ அந்தப் பக்கத்தை, சாதிச் சான்றிதழ் பொய் என்ற புகாரோடு இணைத்துத் தாலூகா ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள்.

விசாரணைக்கு டீச்சரையும் என்னையும் அழைத்தார்கள். "அப்படியொரு வீடே கிடையாது. பல வீட்டைச் சேர்த்து நானே உண்டாக்கினது" என்று டீச்சர் சொன்னார். ஒரு எண்ணை மாற்றிப் போட்டாலும் எங்களைப் பிடித்துத் திட்டுகிறவர் அவர். அதிகாரி என் பக்கம் திரும்பி, "நீங்க படம் கண்டீங்களா?" என்று கேட்டார். "கண்டேன்" என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை. எதிர் பெஞ்சில் இருந்த அம்மாக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

சீட் போயிற்று. திரும்பி வரும்போது பஸ்ஸில், "உன் மேல குற்றமில்லே மக்கா. நான் பழக்கினதாக்கும்" என்றார் டீச்சர். அதன்பிறகு அவர் ஒரு வீட்டு வாசலிலும் போய்க் கேள்வி கேட்கவில்லை. அந்தப் பெண் இப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிறாள். என்னைக் கண்டால், "அக்கா, சுகந்தானே?" என்று கேட்பாள். நாலு வார்த்தை திட்டினால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருக்கும்.

படிவத்தில் இருந்த பென்சில் எழுத்தை அழித்தது டீச்சர்தான். விசாரணைக்கு வரும்போதே அழித்துப் பைக்குள் வைத்திருந்திருப்பார். என்னிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய் சொல் என்று என்னிடம் கேட்க அவருக்கு வாய் வந்திருக்காது. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கரி ஒரு பொட்டும் இல்லை. ஆனால் நான் அழுத்திய தடம் அப்படியே பதிந்திருக்கிறது. காலண்டருக்குப் பின்னால் இயேசு படம். ஒரு எழுத்து விடாமல் வாசிக்க முடிகிறது.