கோரத்துக்குக் குறைந்த ஒரு கையெழுத்து

பாலக்காட்டின் கிழக்கெல்லையில் நான் வேலை பார்த்த கல்லூரியில், ஆசிரியர் சங்கத்துக்குப் பல வருடம் செயலாளராக இருந்தேன். விதிகள் எனக்கு மனப்பாடம். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஓய்வு பெற்ற வருடம் நடந்த பொதுக்குழுவில் கோரத்துக்கு, அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான எண்ணிக்கைக்கு, ஓர் ஆள் குறைந்தது. மீனாட்சிபுரத்திலிருந்து வரும் கெஸ்ட் ஆசிரியை மல்லிகா வராந்தாவில் நின்றிருந்தார். தற்காலிக ஆசிரியர்கள் எங்கள் சங்கத்தில் சேர முடியாது. ஆனாலும் அவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக் கூட்டத்தைத் தொடங்கினேன்.

நிரந்தர ஆசிரியர்களுக்கான தீர்மானங்கள் எல்லாம் நிறைவேறின. பிறகு மல்லிகா எழுந்தார். அவருக்கு அப்போது ஏழாம் மாதம்.

"பிரசவத்துக்குப் போனா என் இடத்துக்கு வேற ஆளை எடுத்துருவாங்க. அப்படி எடுக்கக் கூடாதுன்னு சங்கம் ஒரு தீர்மானம் போடணுங்க சார்."

"நீங்க மெம்பர் இல்லையே டீச்சர். விதிப்படி பேச முடியாது."

உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் கலைந்த பிறகு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க சார், நான் மெம்பர் இல்லீன்னா கோரமும் இல்லீங்களே? அத்தனை பேர் முன்னால கேட்டா உங்களுக்குச் சங்கடமாயிருமேன்னு விட்டுட்டனுங்க."

அந்தக் கூட்டத்தை ரத்து செய்தேன். முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, கெஸ்ட் ஆசிரியர்களையும் சேர்க்க விதியைத் திருத்தி, அவர் கேட்ட தீர்மானத்தையும் நிறைவேற்றினோம். நிர்வாகம் அதை ஏற்பதற்குள் மல்லிகாவின் இடத்தில் வேறொருவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

அன்றைய கூட்டத்தில் விதியைச் சொல்லி அடுத்தவரை வாயடைக்க இரண்டு பேரால் முடிந்திருக்கும். செய்தவன் நான் மட்டும்தான்.