இடது தொடையில் ஒரு பொட்டு

ஒரு வருடமாக எனக்கு வலது இடுப்பு மூட்டில் வலி. வரப்பில் குந்த முடியாது. மொபெட்டில் ஏறும்போது காலைக் கையால் தூக்கிப் போட வேண்டும். "கரும்புக் கட்டு ஏத்துற மாதிரி ஏத்துறீங்க" என்று என் மனைவி கேலி செய்வாள்.

மூட்டின் உள்பக்கச் சவ்வு வீங்கிக் கிடக்கிறது என்றார் டாக்டர். இரண்டு சின்ன ஓட்டை போட்டு, ஒன்றில் கேமராவும் மற்றொன்றில் கருவியும் விட்டு, கெட்ட சவ்வைச் சுரண்டி எடுத்துவிடலாமாம். மனைவியும் தலையாட்டினாள். எங்கள் ஊர் ஒதியம்பட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி, வழியில் மூலக்குளம் நெரிசலில் நின்றபோதும் அவள் கேலியை விடவில்லை.

ஆபரேஷன் அன்று காலை டாக்டர் வார்டுக்கு வந்து என் வலது தொடையில் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார். பிறகு நர்ஸ் குளிக்கச் சொன்னார். என்னால் குனிய முடியாததால் மனைவிதான் குளிப்பாட்டினாள். நல்லபடியாகப் போய் வர வேண்டியவன் உடம்பில் கறை இருக்கலாமா என்று பீர்க்கங்காய் நாரால் அம்பைத் தேய்த்தே எடுத்துவிட்டாள். துவட்டிய பின், பேத்திக்கு வைக்கிற மை டப்பியைப் பையிலிருந்து எடுத்து, கண் படாமல் இருக்க ஒரு பொட்டும் வைத்தாள். இடது தொடையில், ஒரு ரூபாய் அளவுக்கு. எனக்கு அது தப்பாகவே படவில்லை.

தியேட்டரில் துணியை விலக்கிய நர்ஸ், "குறி இடதுல இருக்கு சார்" என்றார். டாக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் வலது. மயக்க மருந்து கொடுப்பவர் ஊசியைக் கீழே வைத்தார். இவ்வளவு படித்தவர்கள் ஒரே நேரத்தில் என் பதிலுக்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"எந்தக் கால்ங்க?"

"வலது, சார்."

"அப்ப இது இன்னா?"

"திருஷ்டிப் பொட்டு, சார்."

டாக்டர் சிரிக்கவில்லை. என்னையே காலைத் தொட்டுக் காட்டச் சொல்லி, ஸ்கேனை இன்னொரு தடவை பார்த்து, புதிதாக ஓர் அம்பு போட்டார். பொட்டை நர்ஸ் ஸ்பிரிட்டால் துடைத்தார்.

சாயந்தரம் கண் விழித்தபோது மனைவி கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். "வலிக்கிற காலை வுட்டுட்டு நல்ல காலுக்கு இன்னாத்துக்குடி பொட்டு?"

அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "டாக்டர் சும்மா சொல்றாரு, வலிக்கிற காலை வெட்டி எடுத்துருவாங்கன்னு நெனச்சேன். மிஞ்சுறதாவது நல்லா இருக்கட்டும்னுதான் வெச்சேன்."

ஒரு வருடக் கேலிக்கு அடியில் இந்தப் பயம் இருந்திருக்கிறது. போர்வையை விலக்கிப் பார்க்கச் சொன்னேன். அவள் விலக்கி, இரண்டு பாதங்களையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு வலது பாதத்தைப் பிடித்துக்கொண்டு, சாப்பாடு வரும்வரை விடவில்லை.